சொல்லாதீங்க, பார்த்துக்கறேன்

யாராவது வாயைத் திறந்து, "சார், இந்தத் தளத்துல இன்னா கம்பி போட்டோம்னா…" என்று ஆரம்பித்தால் போதும், அவருடைய வலது கை எழும்பிவிடும். லாரியை நிறுத்துகிற போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கை முன்னால் தெரியும். "சொல்லாதீங்க. பார்த்துக்கறேன்." அதற்கு மேல் அவரிடம் எதையும் சொல்லிவிட முடியாது. வீட்டுக்காரர், மேஸ்திரி, பேங்க் மேனேஜர் என்று யாராக இருந்தாலும் அதே கைதான், அதே இரண்டு வார்த்தைதான்.

கான்கிரீட்டை உடைக்காமலேயே உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். டிபன் கேரியர் அளவுக்கு மஞ்சளாக ஒரு பெட்டி, அடியில் நான்கு சக்கரம், மேலே சின்னதாக ஒரு திரை. தளத்தின்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் பெட்டி உள்ளே அலையை அனுப்பும். கம்பியில் பட்டுத் திரும்புவது திரையில் கவிழ்ந்த பிறை போல ஒரு வளைவாகத் தெரியும். அந்த வளைவின் உச்சிதான் கம்பி. எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்பதையும் திரையே காட்டும். அவர் குனிந்து அந்த இடத்தில் நீலச் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் ஆழத்தை எழுதுவார். பெட்டி போகிற திசையிலேயே படுத்திருக்கும் கம்பி அதற்குத் தெரியாது. அதனால் எல்லா இடத்தையும் நேராக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை தள்ளுவார். பத்துக்குப் பத்து அறைக்கு அரை நாள் எடுத்துக்கொள்கிற மனிதரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கட்டட கான்ட்ராக்டர். டிப்ளமோ படித்தவன். செஞ்சியில் நான் கட்டிய கட்டடங்கள் நிறைய உண்டு, என் வாய்க்கு இருக்கிற பேர் அதைவிடப் பெரிது. ஒவ்வொரு கட்டடத்தையும் காட்டி, "நான் நின்னு போட்டது" என்பேன். கான்கிரீட் போடும்போது பக்கத்திலேயே நின்றேன், ஒரு சட்டிகூட என் கண்ணுக்குத் தப்பவில்லை என்று அர்த்தம். அவருக்கு 'சொல்லாதீங்க' எப்படியோ, அப்படி எனக்கு 'நான் நின்னு போட்டது'. இப்படிப்பட்ட இரண்டு பேர் நாலு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம் என்பதே ஆச்சரியம்தான்.

அவர் தொண்டூர்ப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி, முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ் தூள். ஊரில் அவரை ஸ்கேன்காரர் என்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார், அதன் பிறகு மறுநாள் காலைவரை எதுவும் தொடமாட்டார். அவங்க வழக்கம் அது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, எந்த வேலையானாலும் நிறுத்திவிட்டு, சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். வேட்டித் துணி கட்டி வடித்த தண்ணீர் பாட்டிலில் இருக்கும். சுற்றியிருக்கும் சித்தாள்கள் எல்லாருக்கும், "சாப்டிங்களாம்மா?" என்று ஒரு கேள்வி கட்டாயம் உண்டு.

டீக்கடையில் அவரைக் கண்டால் ஆட்களுக்கு விளையாட்டு. "அண்ணே, கோட்டைக்குள்ள இந்தப் பொட்டிய ஒரு ரவுண்டு தள்ளுங்கண்ணே. ராஜா பொதைச்ச தங்கத்துல பாதி உங்களுக்கு" என்பார்கள். அவர் அதற்கும் சிரிக்காமல், "ரெண்டு அடிக்கு மேல இதுக்குத் தெரியாதுப்பா" என்று பதில் சொல்வார். "ராஜா இன்னா ரெண்டு அடியிலயா பொதைச்சிருப்பாரு?" என்று இன்னொருவன் கேட்பான். "தெரியாது. நான் பார்க்கல" என்பார். கேலிக்குக்கூடப் பார்க்காத ஒன்றைச் சொல்ல மாட்டார்.

ஒரு தடவை ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு மேல்மாடி கட்டுவதற்காகக் கூட்டிக்கொண்டு போனேன். வாத்தியார் சொந்தமாக நின்று கட்டிய வீடு, பெருமை இருக்காதா? "ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பி…" என்று தொடங்கினார். கை எழுந்தது. வாத்தியாருக்கு முகம் கறுத்துவிட்டது. "என் வீட்டைப் பத்தி என்னைய சொல்லக் கூடாதுன்றாரே, இவரு யாரு?" என்று என்னிடம் பாய்ந்தார். மூன்று மணி நேரம் கழித்துக் கூடத்தின் தளம் முழுக்க நீலக்கோடு. ஓரங்களில் ஆறு அங்குலம் சரியாக இருந்தது. நடுவில் பத்து, பதினொன்று. யாரோ கம்பியை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், வாத்தியார் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரமாக இருக்கும். வாத்தியார் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மனைவி மட்டும் பயந்துபோய், "வீடு வுழுந்துடுமாய்யா?" என்று கேட்டார்.

"கம்பியத்தான்மா நான் பார்த்தேன். வீட்டைப் பத்தி எஞ்சினியர்தான் சொல்லணும்."

"நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்."

"பார்க்காதத எப்படிம்மா சொல்றது?"

எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம். வயசான அம்மாவுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்? திரும்பும் வழியில் வண்டியில் இதைக் கேட்டேன். கோட்டை மலை தாண்டிய பிறகுதான் பின்னாலிருந்து பேசினார்.

"முன்ன சென்னையில ஒரு கம்பெனியில இருந்தேன். ஆஸ்பத்திரி ஒண்ணுல ஓட்டை போட இடம் பார்க்கணும். ஒரு சுவத்துல பீரோ இருந்துது. சூப்பர்வைசர் சொன்னாரு, அங்க ஒயர் கிடையாதுன்னு. நல்ல மனுஷன், பொய் சொல்றவர் இல்ல. சரின்னு எழுதிட்டேன். டிரில் போட்டவரு இப்ப இடது கையாலதான் சாப்பிடறாரு."

அப்புறம் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. ஆனால் அவருடைய நோட்டுப் புத்தகத்துக்கு எனக்கு அன்றுதான் அர்த்தம் புரிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு கிழித்து இரண்டு பத்தி வைத்திருப்பார். ஒன்றின் தலையில் 'பார்த்தது', மற்றதில் 'கேட்டது'. முதல் பத்தியில் எறும்பு ஊர்கிற மாதிரி எண்கள். இரண்டாவது பத்தி பக்கத்துக்குப் பக்கம் வெறுமையாகவே இருக்கும். எழுதாத பத்திக்கு எதற்குக் கோடு கிழிக்கிறார் என்று நான் கேலி செய்ததுண்டு.

இனி மண்டபத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன், சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

திண்டிவனம் சாலையில் ஒரு கல்யாண மண்டபம், ஒன்பது வருஷத்துக்கு முன் நான் கட்டியது. வாசலில் தூணில்லாத போர்டிகோ, ஆறடிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அழகு. இப்படித் தூணில்லாமல் நிற்கிற தளத்துக்குக் கம்பி மேல்பக்கமாக இருக்க வேண்டும். ஆறு அங்குலத் தளத்தில், மேலிருந்து ஒரு அங்குல ஆழத்தில். சுவரை ஒட்டிய இடத்தில்தான் இழுவை அதிகம், அங்கே கம்பி கீழே இறங்கிவிட்டால் எத்தனை கம்பி இருந்தும் பயனில்லை. மண்டபத்துக்காரர் அந்தப் போர்டிகோவின் மேல் பெரிய தண்ணீர் டேங்க் இரண்டு வைக்க வேண்டும் என்றார். பழைய தளமாயிற்றே என்று பயந்து, "ஸ்கேன் பண்ணி ஒரு பேப்பர் வாங்கிக் குடுத்துடுப்பா" என்று என்னிடமே சொன்னார். எனக்கு ஒரே உற்சாகம். ஊரார் கட்டடத்தில் எல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிற மனிதர் என் கட்டடத்தைப் பார்க்கட்டும் என்று பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்று அவருக்கு நேரம் சரியில்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் சோறு ஊசிப்போயிருந்தது. வெளிச் சாப்பாடு தொடமாட்டார், காலையிலிருந்து வெறும் வயிறு. போர்டிகோவின் முன்பகுதி முழுக்க இரண்டு திசையிலும் தள்ளி முடித்தார். கம்பி எல்லாம் ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம். கோடு போட்டாற்போல் இருந்தது. நான் பக்கத்தில் நின்று மீசையைத் தடவிக்கொண்டேன். பாக்கி இருந்தது சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு ஒரு பட்டை. அதன்மேல் மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன, அண்டா குண்டான் வேறு. எடுத்து வைக்க ஆள் இல்லை. மணி ஐந்தரை. அவர் மேற்கே ஒரு தடவை பார்த்தார். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கத் தொடங்கியிருந்தது. இப்போது பஸ் ஏறினால்தான் இருட்டுவதற்குள் வீட்டில் சாப்பிட முடியும், இல்லையென்றால் மறுநாள் காலைவரை பட்டினி.

"நாளைக்கு வந்து அதைப் பார்த்துடறேன்" என்றார்.

"நாளைக்குக் காலைல டேங்க் வந்து எறங்குதுண்ணே."

"பார்க்காம எப்படி?"

"அண்ணே, அது நான் நின்னு போட்டதுண்ணே. சுவத்தோரத்துல கம்பி மேலதான் இருக்குது. கண்ணால பார்த்தவன் சொல்றேன்."

கை எழுந்தது. வழக்கம் போல உள்ளங்கை முன்னால் வந்தது. நாலு வருஷம் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்தவர், என்னிடம் ஒரு பொய் கண்டதில்லை. என் முகத்தைப் பார்த்தார். கை பாதியிலேயே இறங்கிவிட்டது. நோட்டை எடுத்து ஏதோ ஒரு வரி எழுதினார். எந்தப் பத்தியில் எழுதினார் என்பதை நான் பார்த்தேன். எனக்கு அப்போது சந்தோஷம்தான். அவர் பத்தியை நிரப்பிய முதல் ஆள் நான் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேப்பரில் பத்தி ஏதுமில்லை. 'தளத்தில் கம்பி மேல்பக்கம் உள்ளது' என்று மட்டும் இருந்தது.

டேங்க் ஏறியது. தண்ணீர் நிரம்பியது. இரண்டு மாதம் ஓடிப்போயிற்று.

ஒரு அமாவாசையன்று அவலூர்பேட்டைப் பக்கம் வேலையாகப் போனேன். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் வரிசை கட்டி நின்றன. வண்டி நகரவில்லை. வெயில், தூசி, எலுமிச்சம்பழம் விற்கிறவர்களின் கூச்சல். இதே மாதிரி ஒரு நாள் இங்கே மாட்டிக்கொண்டு நின்றேனே என்று தோன்றியது. எப்போது என்று யோசித்தேன். வண்டியிலிருந்து இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

மண்டபத்துப் போர்டிகோவுக்குக் கான்கிரீட் போட்டது ஓர் அமாவாசையன்று. ஆட்கள் எல்லாரும் சாயங்காலம் மலையனூர் போய்ச் சேர வேண்டும் என்று காலையிலிருந்தே பறந்தார்கள். கலவையை உள்ளே இறக்கி அமுக்குகிற வைப்ரேட்டர் மெஷின் நின்றுபோனது. வேறு மெஷின் வாங்கி வர நான் இந்த வழியாகத்தான் வந்தேன், கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். திரும்பிப் போகும்போது மூன்று மணி நேரம் கழிந்திருந்தது. சுவரோரம் போட்டு முடித்து முன்பகுதிக்கு வந்திருந்தார்கள். கம்பிமேல் ஏறி மிதித்துக்கொண்டு நின்றவர்களைக் கத்தி இறக்கிவிட்டு, முன்பகுதிக் கம்பியை நானே கொக்கி போட்டுத் தூக்கினேன். பின்பக்கம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. ஒன்பது வருஷம் 'நான் நின்னு போட்டது' என்று சொல்லிச் சொல்லி, நிற்காத அந்த மூன்று மணி நேரத்தையும் நின்றதாகவே நம்பியிருக்கிறேன். அவரிடம் நான் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

நேராக மண்டபத்துக்குப் போனேன். மேலே ஏறி ஓர் அடுக்கு நாற்காலியை நகர்த்தினேன். சுவரை ஒட்டி, நூல் மாதிரி ஒரு விரிசல். அடுத்த அடுக்கை நகர்த்தினால் அங்கேயும் அது போய்க்கொண்டிருந்தது. கீழே மறுநாள் கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதே கத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? டேங்கில் பாசி என்று சொல்லித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டேன். என் கொட்டகையிலிருந்து இரும்பு முட்டு ஆறு கொண்டுவந்து போர்டிகோவுக்கு அண்டை கொடுத்தேன். மண்டபத்துக்காரர், "இன்னாப்பா இது?" என்றதற்கு, "டெக்கரேஷனுக்குத் தூண் சார், இப்ப இதான் பேஷன்" என்றேன். பந்தல்காரரைப் பிடித்து ஆறு முட்டுக்கும் ரோஸ் துணி சுற்றிச் சாமந்திச் சரம் கட்டச் சொன்னேன். கல்யாணத்தன்று விடியற்காலையிலிருந்து அதன் கீழேயே நின்றேன். யார் வந்து நின்றாலும், "உள்ள போங்க, உள்ள போங்க, டிபன் சூடா இருக்குது" என்று விரட்டினேன். பெண்ணுக்கு மாமா போலிருக்கிறது என்று நினைத்துச் சிலர் எனக்குக் கும்பிடு போட்டார்கள். கல்லூரிப் பெண்கள் அந்த முட்டுகளில் சாய்ந்துகொண்டு செல்பி எடுத்தார்கள்.

எல்லாரும் போன பிறகு அவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, மண்டபத்துல அந்தச் சுவத்தோரத்த ஒரு தடவ வந்து பார்க்கணும். அன்னிக்கு நான் சொன்னது…"

"சொல்லாதீங்க" என்றார். "பார்த்துக்கறேன்."

அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நாற்காலிகளை நானும் அவருமாக எடுத்து வைத்தோம். விரிசலைப் பார்த்தார். பெட்டியைத் தள்ளினார். திரையில் வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன, எல்லாமே அடியில், படுத்த மாதிரி. குனிந்து எழுதினார். நாலு அங்குலம். நாலு. நாலரை. குறுக்காகவும் ஒரு தடவை தள்ளினார். பசியில்லாத நாளில் செய்கிற அதே நிதானம்.

மண்டபத்துக்காரர் மேலே வந்தார். விஷயம் புரிந்ததும் கொதித்துவிட்டார். "நீதானய்யா நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்த? இத்தினி ஜனம் கீழ நின்னுச்சே! கொலை கேஸுல உள்ள போயிருப்பேனே!"

"ஆமாங்க. பார்க்காதத பார்த்த மாதிரி எழுதிட்டேன். தப்பு என்னுது."

"ஏன்யா எழுதின? யாராவது சொன்னாங்களா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கை எழவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக, நான் பேசுவதற்காக அவர் காத்திருந்தார். கை தொங்கியபடியே இருந்தது. நான் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். சார், நான்தான் சொன்னேன், நான் நிற்கவே இல்லை. என் பேர், நான் கட்டிய மற்ற கட்டடங்கள், அடுத்த மாதம் தொடங்கவிருந்த பள்ளிக்கூட வேலை எல்லாம் கண்முன் வந்தன. நான் குனிந்து, கீழே கிடந்த அளவு டேப்பை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

"யாரும் சொல்லலீங்க" என்றார் அவர்.

போர்டிகோவை இடித்தார்கள். கோபம் முழுவதும் பேப்பர் எழுதிக் கொடுத்தவர்மேலேயே போனதால், புதிதாகக் கட்டுகிற வேலையை மண்டபத்துக்காரர் என்னிடமே கொடுத்தார். முட்டுக் கொடுத்து ஊரைக் காப்பாற்றியவன் என்று எனக்குப் பேர் வேறு. அந்த வேலைக்கு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நகராமல் நின்றேன், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் போகவில்லை. 'நான் நின்னு போட்டது' என்று அதைக் காட்டி இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. டீக்கடையில், "அந்த ஸ்கேன்காரன் தப்பா பார்த்துட்டான்பா, பொட்டியே டூப்பு" என்று பேசிக்கொள்வார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். அவரை அப்புறம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நானும்தான் கூப்பிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முழுக்கைச் சட்டை அதேதான், சட்டைப்பை மட்டும் சுத்தமாக இருந்தது. கையில் மஞ்சள் பெட்டி இல்லை, ஒரு துணிப்பையும் தண்ணீர் பாட்டிலும்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அது என்னை என்னமோ செய்தது.

"நல்லா இருக்கீங்களா? வூட்ல எல்லாம் சௌக்கியமா? சாப்டிங்களா?"

"நீங்க எப்டிண்ணே இருக்கீங்க? மெஷின்?"

"வித்துட்டேன். பொண்ணு வூட்டோட காஞ்சிபுரத்துல இருக்கறேன். அவங்க கடையில ஒத்தாசையா."

இருவரும் காஞ்சிபுரம் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றோம். எத்தனையோ தடவை வீட்டில் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். பிடித்து இழுத்து ஆரம்பித்தேன்.

"அண்ணே, அன்னிக்கு மண்டபத்துல நான்…"

வலது கை எழுந்தது. உள்ளங்கை முன்னால் தெரிய, அதே மாதிரி.

"சொல்லாதீங்க" என்றார்.

மிச்சம் இருக்கிற ஒரு வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.